நிறுத்தமில்லாத இடத்தில் நின்ற பஸ்

ஏழாம் அத்தியாயம்

பஸ் நின்றது.

அங்கே நிறுத்தம் கிடையாது. வீடு கிடையாது, கடை கிடையாது, ஒரு குறுக்குப் பாதை கூடக் கிடையாது. இரண்டு பக்கமும் முந்திரிக் காடு, நடுவில் செம்மண் ரோடு. ரோட்டோரமாகத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒரு ஆள் ஆலங்குடிப் பக்கம் நடந்துகொண்டிருந்தான். பஸ் அவன் பக்கத்தில் போய் நின்றது, அவ்வளவுதான்.

அவன் கை காட்டவில்லை. கண்டக்டர் ஆண்டிச்சாமி அவனை ஏறச் சொல்லவும் இல்லை. டிரைவர் ஹாரன் அடிக்கவில்லை. உள்ளே உட்கார்ந்திருந்த செம்புளிவிடுதி ஜனங்கள் எல்லாரும் சொல்லிவைத்தாற்போலத் தலையைக் குனிந்துகொண்டார்கள். நடந்தவன் திரும்பியே பார்க்காமல் பஸ்ஸின் மூக்கைத் தாண்டிப் போனான். அதன்பிறகுதான் டிரைவர் பெருமூச்சு விட்டுக் கியரைப் போட்டார்.

கடைசி சீட்டில் கடலை வியாபாரி வேஷத்தில் உட்கார்ந்திருந்த துப்பறியும் இருதயநாதனுக்கு உள்ளுக்குள் ஜிவ்வென்று ஒரு சந்தோஷம் ஏறியது. புதுக்கோட்டை சமஸ்தானம் இருந்த வரைக்கும் போலீசில் துப்புத் துலக்கியவர் அவர். சமஸ்தானம் போய்ப் பத்து வருஷம் ஆகியும் அந்த மோப்பம் மட்டும் போகவில்லை. நிற்கக் கூடாத இடத்தில் ஒரு வண்டி நின்றால் எவனோ எதையோ கைமாற்றுகிறான் என்று அர்த்தம்.

"என்னப்பா கண்டக்டரு, எதுக்கு நிறுத்துனீங்க?"

"இஞ்சினு சூடாயிருச்சுங்க," என்றார் ஆண்டிச்சாமி, அவர் முகத்தைப் பார்க்காமல்.

ஊரைவிட்டுக் கிளம்பி ஒரு வெற்றிலை போட்டு மெல்லுகிற நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் எந்த இஞ்சினும் சூடாகாது.

பக்கத்தில் இருந்த உதவியாள் அய்யாக்கண்ணுவுக்கு வாய் சும்மா இருக்காது. ஸ்பெஷல் நாடகத்தில் பபூன் வேஷம் கட்டி ஊர் ஊராகச் சிரிக்க வைத்த மனுஷன். பின்னால் நடந்து வந்துகொண்டிருந்த ஆளைத் திரும்பிப் பார்த்து, பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி, "மேளதாளம் வச்சு அழைச்சாத்தான் மாப்பிள்ளை வண்டி ஏறுவாராக்கும்!" என்றான்.

யாரும் சிரிக்கவில்லை. முன் சீட்டில் இருந்த ஒரு பெண்பிள்ளை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அது சிரிப்பை அடக்குவதற்கு இல்லை என்று பார்த்தாலே தெரிந்தது. அய்யாக்கண்ணுவின் தொழில் வாழ்க்கையிலேயே இப்படி ஒரு சபையை அவன் கண்டதில்லை. பீடியை எடுத்தவன் பற்ற வைக்காமலே காதில் செருகிக்கொண்டான்.

விவகாரம் இதுதான். ஆள் போக்குவரத்து இல்லாத கிராமங்களுக்கு பஸ் விட்டால் நஷ்டம் வரும். அந்த நஷ்டத்தை ஈடுகட்டச் சர்க்கார் ஒரு மானியத் திட்டம் கொண்டுவந்திருந்தது. ஊர்க்காரர்கள் ரோட்டுக்கு நிலம் கொடுக்க வேண்டும், கூட்டுறவு மோட்டார் சங்கம் பஸ் விட வேண்டும், சங்கத்துக்குச் சர்க்கார் கைகொடுக்கும். ஆனால் நடைக்குப் பன்னிரண்டு டிக்கெட்டாவது கிழிய வேண்டும். ஆள் ஏறாத ஊருக்கு எதற்கு மானியம்? வருஷம் முடிந்ததும் பஸ்ஸைப் பிடுங்கி வேறு ஊருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

செம்புளிவிடுதி பஸ்ஸுக்கு இந்த மாதத்தோடு வருஷம் முடிகிறது. மானியத்தை மேற்பார்க்கிற ஸ்பெஷல் ஆபீசர் ஞானராஜ் மெட்ராசுக்குச் சிபாரிசு அனுப்ப வேண்டும். அந்தச் சமயம் பார்த்து எவனோ ஒருத்தன் புதுக்கோட்டையில் அவர் ஆபீஸ் வாசலுக்கு வந்து, "செம்புளிவிடுதி பஸ்ஸுல போறதெல்லாம் பொய்யி" என்று பியூனிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டான். பேரும் சொல்லவில்லை, ஊரும் சொல்லவில்லை. ஆள் எப்படி இருந்தான் என்று கேட்டதற்கு பியூன் சொன்ன பதில் ஒன்றுதான்: "மூஞ்சி ஞாபகமில்லீங்க. காலுதான் ஞாபகம். முழங்கால் வரைக்கும் செக்கச்செவேல்னு புழுதி. அவன் போனப்புறம் தரையைக் கூட்டுனது நான்தானே!"

ஞானராஜ் பழைய டிக்கெட் கணக்கைப் புரட்டினார். அவருக்கும் சந்தேகம் தட்டியது. சந்தை நாளும் பதினாலு பேர், அமாவாசையும் பதினாலு பேர், மழை பிய்த்துக்கொண்டு ஊற்றிய நாளும் பதினாலு பேர். எந்த ஊரில் ஜனங்கள் இப்படி அளந்து பயணம் போகிறார்கள்? ஆள் இல்லாமலே டிக்கெட்டைக் கிழித்துப் போடுகிறார்கள் என்று முடிவு கட்டி இருதயநாதனை அனுப்பிவைத்தார்.

வந்து பார்த்தால், ஆள் இருந்தது. அதுதான் இருதயநாதனுக்கு இடித்தது. நேற்றுக் காலையில் டீக்கடையில் உட்கார்ந்து எண்ணினார். பதினாலு பேர், ரத்தமும் சதையுமாக. இன்றைக்கு அவரும் அய்யாக்கண்ணுவும் ஏறினார்கள்.

"அய்யாக்கண்ணு, இப்ப பஸ்ஸுல எத்தனை பேரு, எண்ணு."

"எண்ணிட்டேண்ணே. பதினாலு."

"நம்மைச் சேத்தா?"

"நம்மைச் சேத்துத்தான்." சொல்லிவிட்டு அய்யாக்கண்ணு முழித்தான். "அதெப்படி? நாம ஏறுனா பதினாறு ஆகணுமே!"

"நாம ஏறினப்ப ரெண்டு பேரு நம்மைப் பார்த்துட்டு வீட்டுக்குத் திரும்பிப் போனாங்க. கவனிச்சியா? அதுல ஒருத்தன் மூஞ்சியில அவ்வளவு சந்தோஷம், பள்ளிக்கூடம் லீவு விட்ட மாதிரி."

"நம்ம ராசி அப்படிண்ணே. நாம எங்கிட்டுப் போனாலும் நாலு பேரு எந்திரிச்சுப் போவாங்க."

*

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் இறங்கிய ஜனங்கள் எங்கும் போகவில்லை. ஓரமாக இருந்த தூங்குமூஞ்சி மரத்தடியில் வரிசையாக உட்கார்ந்துகொண்டார்கள். ஒருத்தன் துண்டை விரித்துப் படுத்தான். இரண்டு பெண்கள் தலை வாரிக்கொண்டார்கள். கோர்ட்டுக்கும் போகவில்லை, கடைவீதிக்கும் போகவில்லை. சாயங்காலம் பஸ் திரும்புகிற வரைக்கும் அந்த இடத்தைவிட்டு அசைவதாகவே தெரியவில்லை.

எதிர்ச் சாரி ஓட்டலில் ஜன்னலோரம் உட்கார்ந்து இருதயநாதன் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, கடத்தல்தான். சந்தேகமே வேண்டாம்," என்றான் அய்யாக்கண்ணு, இரண்டாவது தோசையை மடித்தபடி.

"என்னத்தைக் கடத்துறாங்க? கையில பாரு. ஒருத்தர்கிட்டயாவது பை இருக்கா?"

அய்யாக்கண்ணு எட்டிப் பார்த்தான். ஒரு மஞ்சள் பைகூட இல்லை.

"டவுனுக்கு வர்ற கிராமத்து ஆளு பையில்லாம வரமாட்டான். போறப்ப வெறுங்கையோட போகமாட்டான். புள்ளைங்களுக்கு ஒரு பொட்டலம் காராச்சேவாவது வாங்குவான். இன்னொண்ணு, பஸ்ஸுல ஜன்னலோரத்துக்கு எவனாவது அடிச்சுக்கிட்டானா?"

"இல்லையே! காலியாக் கெடந்துச்சு. நான்கூட நல்ல சகுனம்னு உக்காந்துட்டேன்."

"வெளியில வேடிக்கை பாக்கப் பிரியமில்லாத பன்னெண்டு பேரு. எங்கேயும் போக வேண்டாத பன்னெண்டு பேரு. அப்புறம் எதுக்குய்யா வர்றாங்க?"

அப்போதுதான் மரத்தில் சாய்த்து வைத்திருந்த அந்த மூங்கில் கம்பு இருதயநாதன் கண்ணில் பட்டது. நுனியில் மஞ்சள் துணி கட்டியிருந்தது. காலையில் பஸ்ஸில் டிரைவர் முதுகுப் பக்கம் அதைச் செருகி வைத்திருந்தார்கள். யாருக்கோ ஊன்றுகோல் என்று நினைத்திருந்தார். ஆனால் அந்தக் கூட்டத்தில் நொண்டி யாரும் இல்லை.

இருதயநாதன் ஆவூர்க்காரர். கண்மாய்ப் பாசனத்து ஊரில் பிறந்தவருக்கு அந்தக் கம்பு தெரியாமல் போகுமா? தண்ணீர் குறைந்த காலத்தில் மடையை ஒவ்வொரு வீட்டுக்கும் முறை வைத்துத் திறப்பார்கள். இன்றைக்கு யார் முறையோ அவர்கள் வீட்டு வாசலில் கம்பு இருக்கும். பாய்ச்சி முடித்ததும் அடுத்த வீட்டில் கொண்டுபோய்ச் சாத்திவிடுவார்கள். கம்பு வந்தால் கல்யாண வீடானாலும் மண்வெட்டியோடு கிளம்பியாக வேண்டும். முறைக்கம்பு அது.

மாசி மாதம் முடிந்து கண்மாய் வற்றிக் கிடக்கிற நேரத்தில் முறைக்கம்புக்கு பஸ்ஸில் என்ன வேலை?

"அய்யாக்கண்ணு, சாயங்காலம் அந்தக் கம்பு எந்த வீட்டுக்குப் போவுதோ அங்கிட்டு நாமளும் போறோம்."

"கம்பைத் தேடிப் போற மொத ஆளு நாமதாண்ணே. ஊர்ல எல்லாரும் கம்பைக் கண்டா ஓடுவாங்க," என்றான் அவன்.

*

செம்புளிவிடுதியில் பஸ் நின்றதும் கம்பு இறங்கியது. அதை வைத்திருந்த கிழவர் தெருவோடு நடந்து, ஒரு கூரை வீட்டு வாசலில் சாத்தினார். தன் வழியே போய்விட்டார்.

உள்ளேயிருந்து ஒரு பெண் வந்தாள். நிறைமாத வயிறு. இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, மறு கையால் கம்பை எடுத்தாள். எதிரே நின்ற இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்தாள்.

"நாளைக்கு எங்க முறையா?" என்று அவளே கேட்டுக்கொண்டாள். "வாங்கய்யா, ஒக்காருங்க. அவரு மாட்டைப் புடிச்சுக் கட்டப் போயிருக்காரு."

அவள் பேர் செவந்தி. புருஷன் ஐயனார், கூலிக்குப் போகிறவன்.

"நாளைக்கு பஸ்ஸுல நீயாம்மா போகப் போறே?" என்று இருதயநாதன் நூல் விட்டார்.

"அவருதான் போவாரு. நான் இன்னும் ரெண்டு வாரம் கழிச்சுப் போவேன்." வயிற்றைத் தடவினாள். "நான்தான் நெசமாவே போவேன்."

நெசமாவே! இருதயநாதன் அந்த வார்த்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். கையும் களவுமாகச் சிக்கிவிட்டது. ஊர் முழுக்கச் சேர்ந்து சர்க்காரை ஏமாற்றுகிறது. முறை வைத்து ஆள் அனுப்பி, மானியத்தைத் தக்கவைத்துக்கொண்டிருக்கிறது. இனி ஞானராஜிடம் நிமிர்ந்து நின்று சொல்லலாம் என்று அவர் மனசு துள்ளியது. அந்தத் துள்ளலை நினைத்துப் பிற்பாடு அவர் பட்ட வெட்கம் கொஞ்சமில்லை.

"அந்தப் பொண்ணை எதுக்குங்க கேக்குறீங்க? என்னையக் கேளுங்க."

பின்னால் நின்றவர் தங்கமுத்து அம்பலம். ஊருக்குத் தலைவர். தோளில் துண்டு இல்லாமல், வெறும் உடம்போடு வந்திருந்தார்.

"நாங்க கடலை விஷயமா..." என்று அய்யாக்கண்ணு ஆரம்பித்தான்.

"கடலை வாங்க வந்தவரு ஒரு காயை ஒடச்சுப் பருப்பைப் பாக்க மாட்டாராய்யா? நீங்க வந்த அன்னிக்கே ஊருக்குத் தெரியும். சர்க்கார் ஆளுன்னு." அம்பலம் கொஞ்சம் சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. "இன்னிக்கு நீங்க ரெண்டு பேரும் டிக்கெட் எடுத்தீங்க. ரெண்டு வீட்டுக்கு முறை மிச்சம். புண்ணியமாப் போச்சு."

இருதயநாதனுக்குச் சுருக்கென்றது. பொய்ப் பயணிகளைப் பிடிக்க வந்த அவரும் காரியம் இல்லாமல்தான் டவுனுக்குப் போய்வந்திருந்தார். அந்தப் பதினாலில் அவரும் ஒரு ஆள்.

"இது தப்பில்லையாங்க?" என்றார், குரலைக் கொஞ்சம் இறக்கி.

"தப்புதான். ஆனா இது ரெண்டாந் தப்பு. மொதத் தப்பைக் கேளுங்க."

அம்பலம் செவந்தி வீட்டு வாசலிலேயே, தரையில் குந்தி உட்கார்ந்தார். செவந்தி மெல்ல உள்ளே போய்விட்டாள்.

"இந்தத் திட்டம் மூணு வருசத்துக்கு முன்னாடியே எங்களுக்கு வந்துச்சுங்க. நெலம் குடுத்தா ரோடு, ரோடு வந்தா பஸ்ஸுன்னாங்க. ஊர்க்கூட்டம் போட்டோம். நஞ்சையில ஒரு ஓரம் போகும். ஆளுக்குக் கொஞ்சம்தான். குடுக்க மனசு வரல. ரோடு வந்தா கண்டவனும் வருவான், ஆடு மாடு அடிபடும்னு பேசுனோம். வேணாம்னு கை தூக்கிட்டோம். நானும் தூக்குனேன்."

அவர் தரையில் விரலால் கோடு கிழித்தார்.

"அந்த ஐப்பசி மழையில எங்க ஊர்ப் பொண்ணு மூக்காயிக்கு வலி எடுத்துச்சு. தலைச்சன் புள்ளை. மாட்டு வண்டியில ஏத்தி ஆலங்குடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். ஓடையில சக்கரம் எறங்கிருச்சு. ஊரே தோள் குடுத்துத் தள்ளுச்சு. அசையல. கத்திக்கிட்டே இருந்தா. அப்புறம் கத்தல. தாயும் புள்ளையும் வண்டியிலயே போயிருச்சுங்க. வண்டி நின்ன எடம் எது தெரியுமா? ரோட்டுக்குக் கேட்டாங்களே, அந்த எடத்துக்கு நேரா கீழ."

அய்யாக்கண்ணு காதிலிருந்த பீடியை எடுத்து மடியில் முடிந்துகொண்டான்.

"எட்டாம் நாள் காரியம் முடிஞ்ச மறுநாள் யாரும் கேக்காம நெலத்தை எழுதிக் குடுத்தோம். பஸ்ஸு வந்துச்சு. வந்தப்புறம்தான் பன்னெண்டு டிக்கெட்டுக் கணக்கைச் சொன்னாங்க. எங்க ஊர்ல எவனுக்குங்க தெனம் டவுன்ல வேலை? ஆனா இந்த வண்டி போயிறக் கூடாது. அதான் கம்பை எடுத்து வீட்டுக்கு வீடு வச்சோம். கம்பு நிக்கிற வீட்டுல தொடங்கி வரிசையா, வீட்டுக்கு ஒரு ஆளு. பன்னெண்டு போதும். ஒருத்தரு ரெண்டு பேருக்கு மேலுக்குச் சொகமில்லாமப் போனாலும் கொறையக் கூடாதுன்னு பதினாலு. அன்னிக்குக் கூலி போகும், டிக்கெட்டுக் காசும் போகும். போகட்டும். இது எங்களுக்கு நாங்களே போட்டுக்கிட்ட தெண்டம்."

ஆவூர் மாதா கோயிலில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லப் பாவசங்கீர்த்தனத்துக்கு முழங்காலில் நின்று பழகியவர் இருதயநாதன். கேட்கிற பக்கம் உட்கார்ந்து அவருக்குப் பழக்கமில்லை. கம்பைப் பார்த்தபடியே கேட்டார்.

"காலையில ஒரு ஆளுக்குப் பக்கத்துல பஸ்ஸை நிறுத்துனாங்களே..."

"கருப்பன். மூக்காயி புருசன். ஆலங்குடி கடலை மில்லுக்குத் தெனம் நடந்துதான் போறான். இந்தப் பஸ்ஸுல ஒரு நாளும் ஏறுனதில்லை. அவனைத் தாண்டி ஓட்ட எங்களுக்கு மனசு வரல. நிறுத்துவோம். கூப்புட வாய் வராது. கம்பு எல்லா வீட்டுக்கும் போகும், அவன் வீட்டை மட்டும் தாண்டிரும். அவனுக்கு நாங்க முறை வைக்க முடியுங்களா?"

தங்கியிருந்த இடத்துக்குத் திரும்புகிற வழியில் அய்யாக்கண்ணு தலையில் அடித்துக்கொண்டான். "மாப்பிள்ளைன்னு சொன்னேனேண்ணே," என்றான். "மேளதாளம்னு சொன்னேனே."

*

விடிந்ததும் இரண்டு பேரும் பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் நடந்தார்கள். கருப்பனை ஓடைப் பாலத்தைத் தாண்டிப் பிடித்தார்கள். நெஞ்செலும்பு தெரிகிற ஒல்லியான ஆள். இவர்களைக் கண்டு நடையை மாற்றவில்லை. கூட நடக்கவிட்டான்.

இருதயநாதன் எப்படி ஆரம்பிப்பது என்று கீழே பார்த்தபடி வந்தார். அப்போதுதான் கவனித்தார். கருப்பன் கால் முழங்கால் வரைக்கும் செம்புழுதி அப்பிச் சிவந்திருந்தது.

அடச்சே! பியூன் சொன்னதை அன்றைக்கே யோசித்திருக்க வேண்டாமா? பஸ்ஸைப் பற்றிப் புகார் சொல்ல வந்தவன் பஸ்ஸில் வரவில்லை. பஸ் போகிற ஊரிலிருந்து அவ்வளவு தூரமும் நடந்து வருகிறவன் ஒருத்தன்தான் இருக்க முடியும்.

"கருப்பா, மானிய ஆபீசுல வந்து சொன்னது நீதானா?"

"ஆமா."

ஒளிக்கவே இல்லை.

"ஊருமேல அவ்வளவு ஆத்திரமா?"

"ஆத்திரமா?" கருப்பன் நின்றான். "எம் பொஞ்சாதி போனா, புள்ளை போச்சு. ஒரு போலீசு வரல. ஒரு ஆபீசரு வரல. அவ ஏன்டா செத்தான்னு ஒருத்தரு கேக்கல. கேக்குறதுக்கு அதுல ஒரு குத்தமும் இல்லையாம். யாராச்சும் வந்து கேக்கணும்னு எனக்கு இருந்துச்சு. பஸ்ஸுல டிக்கெட்டு பொய்யின்னேன். மறுவாரமே ரெண்டு பேரு வந்துட்டீங்க."

வெயில் ஏறாத காலை நேரத்தில் இருதயநாதனின் முகம் எரிந்தது. கருப்பன் சொன்னது அவரைச் சொன்னதுதான். மோப்பம் பிடித்துச் சந்தோஷமாக வந்து இறங்கியவர் அவர்தானே!

"ஊர்ல எல்லாரும் மாட்டணும்னு நெனச்சியா?"

"எல்லாரும்னா நானுந்தான்." கருப்பன் எச்சிலை விழுங்கினான். "அன்னிக்குக் கூட்டத்துல மொதக் கை என்னுதுங்க. எனக்கும் அந்த ஓரத்துல ஒரு துண்டு நெலம். ரோடும் வேணாம், ஒண்ணும் வேணாம்னு நாந்தான் மொதல்ல தூக்குனேன். என்னையப் பாத்துத்தான் மத்தவங்க தூக்குனாங்க. அவகிட்ட நான் சொல்லக்கூட இல்ல. இவங்க பஸ்ஸுல ஏறி ஏறி எறங்கிப் பாவத்தைக் கழிச்சுக்கிறாங்க. நான் எதுல ஏறிக் கழிக்கிறது?"

பின்னால் பஸ் சத்தம் கேட்டது.

வழக்கமான நேரத்துக்கு வெகு முன்னதாகவே வந்தது. ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு வந்தது. வந்த வேகத்தில் கருப்பனைப் பார்த்துவிட்டு, பழக்கதோஷம், டிரைவர் பிரேக்கை மிதித்துவிட்டார். பஸ் அவன் பக்கத்தில் குலுங்கி நின்றது.

உள்ளே செவந்தியின் அலறல்.

நீள சீட்டில் அவளைப் படுக்க வைத்திருந்தார்கள். ஐயனார் தலைமாட்டில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்திருந்தான். முறைக்கம்பு அவன் காலடியில் கிடந்தது. வலி முன்னாலேயே வந்துவிட்டது. தங்கமுத்து அம்பலமும் மற்றவர்களும் ஜன்னல் வழியாகக் கருப்பனைப் பார்த்தார்கள். அவனைத் தாண்டிப் போகச் சொல்ல இன்றைக்கும் ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. டிரைவர் கை கியரில் இருந்தது, போடவில்லை.

கருப்பன் அந்த அலறலைக் கேட்டான். அடுத்த நொடி பஸ்ஸின் தகரத்தில் இரண்டு கையாலும் அறைந்தான்.

"என்னையப் பாத்துக்கிட்டு ஏன்டா நிக்கிறீங்க? ஓட்டுங்கடா! நின்னு நின்னு என்னத்தக் கண்டீங்க? ஓட்டு!"

பஸ் பாய்ந்தது. புழுதி அடங்கும்போது கருப்பன் நின்ற இடத்தில் இல்லை. பஸ்ஸின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தான். இருதயநாதனும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். அய்யாக்கண்ணு தொப்பையைப் பிடித்துக்கொண்டு கடைசியில் வந்தான், ஒரு வார்த்தை வேடிக்கை பேசாமல்.

*

அவர்கள் ஆலங்குடி ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது பஸ் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது. நியாயமாக அது இந்நேரம் புதுக்கோட்டைக்குப் போயிருக்க வேண்டும். நேரம் தவறினால் மானியத்துக்கு அதுவும் ஒரு குற்றம். வேறு எந்த பஸ்ஸாக இருந்தாலும் பயணிகள் கண்டக்டரைப் பிய்த்துப் பிடுங்கியிருப்பார்கள். இந்த பஸ்ஸில் வந்த ஒருத்தருக்கும் எங்கேயும் போக வேண்டியதில்லை. வேப்பமரத்தடியில் வரிசையாக உட்கார்ந்து ஆஸ்பத்திரி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கருப்பன் அவர்களோடு உட்காரவில்லை. காம்பவுண்டுச் சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்றான்.

வெகு நேரம் கழித்து ஐயனார் வெளியே வந்தான். எல்லாரும் எழுந்து நின்றார்கள். அவன் யாரையும் பார்க்காமல் நேராகக் கருப்பனிடம் போனான்.

"பொம்பளப் புள்ளைண்ணே. ரெண்டு உசிரும் சொகம்."

கருப்பன் தலையை ஆட்டினான். சுவரைவிட்டுத் திரும்பவில்லை. அவன் தோள் குலுங்கியது. அந்த நல்ல சேதி அவனை எங்கே கொண்டுபோய்க் குத்தியிருக்கும் என்று அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். யாரும் சிரிக்கவும் இல்லை, சந்தோஷப்படவும் துணியவில்லை.

"அண்ணே," என்று அய்யாக்கண்ணு மெதுவாகக் கேட்டான், "ஞானராஜ் சார்கிட்ட என்ன சொல்லப் போறீங்க?"

"டிக்கெட்டும் உண்மை, ஆளும் உண்மைன்னு சொல்வேன். காரியம் இல்லாம இந்த பஸ்ஸுல ஒருத்தரும் ஏறலைன்னு சொல்வேன்."

"நம்புவாரா?"

"நம்பாட்டி, மூக்காயின்னு ஒரு பொம்பளை எப்படிச் செத்தான்னு முழுக்கச் சொல்லுவேன். நான் மொதல்ல விசாரிச்சிருக்க வேண்டிய கேசு அது."

ஆண்டிச்சாமி விசில் கொடுத்தார். ஜனங்கள் ஒவ்வொருவராக பஸ்ஸில் ஏறினார்கள். ஐயனார் ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட்டதால் முறைக்கம்பு எடுப்பாரில்லாமல் வேப்பமரத்தில் சாய்ந்து கிடந்தது. தங்கமுத்து அதை எடுக்கப் போனார். அவருக்கு முன்னால் ஒரு கை அதைப் பிடித்தது.

"நான் கொண்டாரேன் மாமா," என்றான் கருப்பன்.

அம்பலம் பதறிப்போனார். "ஒனக்கு எதுக்குய்யா? ஒனக்கு முறை கெடையாது."

"அன்னிக்கு மொதக் கை யாருது மாமா?"

தங்கமுத்து விலகி வழிவிட்டார். கருப்பன் கம்பை ஊன்றி, பஸ்ஸின் படியில் செம்புழுதிக் காலை வைத்து ஏறினான். டிரைவர் முதுகுப் பக்கம் அதைச் செருகினான். மடியிலிருந்து காசை எடுத்து நீட்டினான்.

ஆண்டிச்சாமி கையை நீட்டவில்லை. "வேணாம்ப்பா கருப்பா, ஒன்கிட்ட எப்படி..."

"கிழிங்கண்ணே," என்றான் கருப்பன். "எனக்கும் முறை இருக்குல்ல."

ஆண்டிச்சாமி டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். அடுத்த சீட்டில் இருதயநாதன் காசோடு கையை நீட்டிக்கொண்டிருந்தார்.